ஒரு மாத்திரைக்குள் மூன்று மருந்துகள்: எச்.ஐ.வி. கூட்டு மருந்தும் அதன் பக்கவிளைவுகளும்

எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குக் கூட்டு மருந்து தரும் அரசு ஏ.ஆர்.டி. மையத்தில் இன்று பெரும்பாலோருக்குத் தரப்படும் மாத்திரைப் புட்டியின் மேல் மூன்று மருந்துகளின் பெயர்கள் அச்சிடப்பட்டிருக்கும்: டெனோஃபோவிர் 300 மில்லிகிராம், லாமிவுடின் 300 மில்லிகிராம், டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம். உள்ளே ஒரு மாதத்துக்கான 30 மாத்திரைகளும், ஈரத்தை உறிஞ்சும் சிறு பொட்டலம் ஒன்றும் கிடக்கும். அந்த மாத்திரையை நாள்தோறும் விழுங்குபவர்களில் பலர் இந்தப் பெயர்களை ஒருமுறைகூட வாசித்ததில்லை. மாமியார் பார்த்துவிடக் கூடாது, விடுதி அறையில் உடன் தங்கியிருப்பவர் பார்த்துவிடக் கூடாது என்று மேலுறைத் தாளைக் கிழித்தெறிந்துவிட்டு, மாத்திரைகளை வேறொரு டப்பாவில் கொட்டி, குலுங்கும் ஓசை வெளியே கேட்காதபடி பஞ்சு வைத்து அடைப்பவர்கள் இருக்கிறார்கள். நம் ஊர்களில் இந்த நோயைச் சுற்றியுள்ள பழியை அறிந்த எவரும் அந்த அச்சத்தைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் மறைப்பதற்காகக் கிழித்த தாளோடு மருந்தின் பெயரும் போய்விடுகிறது என்பதுதான் கவலைக்குரியது; ஏனெனில் இந்தச் சிகிச்சையில் நேரும் தீங்குகளில் கணிசமானவை மாத்திரையால் மட்டும் வருவனவல்ல, அதனுடன் வேறெதைச் சேர்த்து உட்கொள்கிறோம், மருத்துவரிடம் எதைச் சொல்லாமல் விடுகிறோம் என்பதால் வருவன.

மூன்று மருந்துகள் எதற்கு?

எச்.ஐ.வி. நம் இரத்தத்திலுள்ள சிடி4 எனப்படும் எதிர்ப்பு அணுக்களுக்குள் நுழைகிறது. நுழைந்ததும் தன் மரபுச் செய்தியை நம் அணுவுக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றி எழுதுகிறது. அதன்பின் அந்தப் படியை நம்முடைய மரபணுத் தொடருக்குள்ளேயே கொண்டுபோய்ச் செருகிவிடுகிறது. டெனோஃபோவிரும் லாமிவுடினும் முதல் வேலையை, அதாவது மாற்றி எழுதுவதைத் தடுக்கின்றன. டோலுடெக்ராவிர் இரண்டாவது வேலையை, அதாவது செருகுவதைத் தடுக்கிறது.

ஏட்டைப் படியெடுப்பவர் அவசரத்தில் எழுத்துப் பிழை விடுவதுபோல, இந்த வைரஸும் தன்னைப் படியெடுக்கும்போதெல்லாம் பிழை விடுகிறது. அந்தப் பிழைகளில் ஏதேனும் ஒன்று, தற்செயலாக, ஒரு மருந்துக்கு மசியாத வைரஸை உருவாக்கிவிடும். லாமிவுடினைப் பொறுத்தவரை அதற்கு ஒரே ஒரு மாற்றம் போதும். மூன்று மருந்துகள் ஒரே சமயத்தில் இரத்தத்தில் போதிய அளவு இருந்தால், மூன்றுக்கும் ஒருசேரத் தப்பக்கூடிய வைரஸ் உருவாவது மிக அரிது. 1987-இல் முதல் மருந்தான ஜிடோவுடின் வந்தபோது அதைத் தனியாகக் கொடுத்தார்கள். அதன் பலன் நெடுநாள் நிலைக்கவில்லை. 1996 வாக்கில் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் இந்த நோயால் மரணம் உறுதி என்ற நிலை மாறியது. இந்திய அரசு 2004 ஏப்ரல் 1 அன்று இலவசக் கூட்டு மருந்துத் திட்டத்தைத் தொடங்கியபோது தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் எட்டு மருத்துவமனைகளுள் தாம்பரம் சானடோரியத்திலுள்ள அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையும் ஒன்று.

அன்றைக்குக் கொடுக்கப்பட்ட மருந்துகளின் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். ஏனெனில் கூட்டு மருந்து என்றாலே இன்றும் மக்கள் அஞ்சுவது பெரும்பாலும் அந்த நினைவினால்தான். ஸ்டாவுடின் என்ற மருந்து கன்னத்திலும் கை கால்களிலும் உள்ள கொழுப்பைக் கரைத்து, முகத்தைக் குழிவிழச் செய்தது; ஆளைப் பார்த்தவுடனே நோயை ஊருக்குச் சொல்லிவிட்ட மருந்து அது. பாதத்தில் தீராத எரிச்சலையும் மதமதப்பையும் தந்தது. ஜிடோவுடின் சிலருக்குக் கடும் இரத்தசோகையை உண்டாக்கியது. நெவிராபின் சிலருக்கு உயிருக்கே ஆபத்தான தோல் தடிப்பையும் கல்லீரல் அழற்சியையும் கொண்டுவந்தது. பின்னாளில் வந்த எஃபாவிரென்ஸை இரவில் படுக்கப் போகும்போதுதான் உட்கொள்ள வேண்டியிருந்தது. தலைசுற்றலும் கலவரமான கனவுகளும் பலரை வாட்டின. இன்றைய மாத்திரை இவற்றிலிருந்து வெகுதூரம் வந்துவிட்டது. பக்கத்து வீட்டில் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஒருவர் பட்ட பாட்டை வைத்து இன்றைய மருந்தை எடைபோட்டு, சிகிச்சையைத் தள்ளிப்போடுவது பெரும் பிழை.

முதல் சில வாரங்கள்

தொடக்கத்தில் குமட்டல், தலைவலி, வயிற்றுப்போக்கு, அசதி ஆகியவை சிலருக்கு வரும். பெரும்பாலும் சில வாரங்களில் தாமாகவே தணிந்துவிடும். இந்த மாத்திரையை உணவுக்கு முன்போ பின்போ எப்போது வேண்டுமானாலும் உட்கொள்ளலாம் என்றாலும், குமட்டல் உள்ளவர்கள் இரண்டு இட்லியோ கொஞ்சம் கஞ்சியோ உட்கொண்ட பின் விழுங்கினால் எளிதாக இருக்கும். டோலுடெக்ராவிர் சிலரது தூக்கத்தைக் கெடுக்கும். எஃபாவிரென்ஸ் காலத்துப் பழக்கத்தில் இரவில் விழுங்கிவிட்டுப் புரண்டு புரண்டு படுப்பவர்கள், மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் காலை நேரத்துக்கு மாற்றிக்கொண்டால் பலருக்கு அத்தொல்லை நீங்கும். மனச்சோர்வு மிகுந்தாலோ, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தாலோ, அதை நோயறிந்த துயரம் என்று விட்டுவிடாமல் அன்றைக்கே மையத்தில் சொல்ல வேண்டும். அரிதாக இந்த மருந்தும் அதற்குக் காரணமாகலாம்.

இன்னொன்று, முன்கூட்டியே அறிந்திராவிட்டால் ஆளைக் கலங்கடித்துவிடக்கூடியது. எதிர்ப்புச் சக்தி மிகவும் குன்றிய நிலையில் சிகிச்சையைத் தொடங்குபவர்களுக்கு, மருந்து வேலை செய்யத் தொடங்கி எதிர்ப்பு அணுக்கள் மீண்டும் பெருகும்போது, உடலில் அதுவரை ஓசையின்றிப் பதுங்கியிருந்த காசநோய் போன்ற தொற்றுகள்மீது அந்த அணுக்கள் ஒரேயடியாகப் பாயும். அதனால் காய்ச்சல் அடிக்கும், கழுத்தில் நெறி கட்டும், இருமல் மிகும். மருந்து தொடங்கியபின் உடல் கெட்டுவிட்டதாகவே நோயாளிக்கும் வீட்டாருக்கும் தோன்றும். பலர் அந்த நேரத்தில்தான் மாத்திரையைத் தூக்கிப் போடுகிறார்கள். உண்மையில் செய்ய வேண்டியது மாத்திரையைத் தொடர்ந்துகொண்டே உடனடியாக மையத்துக்குச் செல்வதுதான். பதுங்கியிருந்த தொற்றுக்குச் சிகிச்சை அளித்தால் பெரும்பாலோர் மீண்டுவிடுகிறார்கள்.

சிறுநீரகம், எலும்பு, உடல் எடை

டெனோஃபோவிர் சிறுநீரகத்தின் வழியாக வெளியேறும் மருந்து. மிகப் பெரும்பாலோருக்கு அதனால் கேடில்லை. ஆனால் முதியவர்கள், சர்க்கரை நோயோ இரத்த அழுத்தமோ உள்ளவர்கள், உடல் மிக மெலிந்தவர்கள் ஆகியோரில் சிலருக்குச் சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அது மெல்லப் பழுதாக்கும். இதற்கு வலி கிடையாது. சிறுநீர் குறைவதும் கால் வீங்குவதும் கடைசியில் வருவன. ஆகவேதான் மையத்தில் குறிப்பிட்ட கால இடைவெளியில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவுப்பொருள்) பரிசோதனை செய்கிறார்கள். உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று அந்தப் பரிசோதனையைத் தவிர்ப்பவர்கள், சேதத்தை ஆரம்பத்திலேயே கண்டறியும் வாய்ப்பை இழக்கிறார்கள். சிறுநீரகம் ஏற்கெனவே பழுதானவர்களுக்கு டெனோஃபோவிருக்குப் பதிலாக அபாகாவிர் போன்ற மாற்று மருந்து உண்டு.

பரிசோதனைத் தாளைப் பார்த்துப் பதறுபவர்களுக்கும் ஒரு சொல். டோலுடெக்ராவிர், சிறுநீரகத்துக்கு எந்தத் தீங்கும் செய்யாமலேயே, கிரியாட்டினின் வெளியேறும் ஒரு வழியை ஓரளவு அடைத்துவிடுகிறது. எனவே மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களில் அந்த எண் சற்றே உயர்ந்து, பின் அதே அளவில் நின்றுவிடும். இது எதிர்பார்க்கப்பட்டதே. எண் தொடர்ந்து ஏறிக்கொண்டே போவதுதான் கவலைக்குரியது. இந்த வேறுபாட்டை அறியாத மருத்துவர் யாரேனும் ஒரே ஒரு தாளைப் பார்த்து மருந்தை நிறுத்தச் சொன்னால், நிறுத்துவதற்கு முன் ஏ.ஆர்.டி. மையத்தின் மருத்துவரிடம் அந்தத் தாளைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.

டெனோஃபோவிர் எலும்பின் அடர்த்தியையும் ஓரளவு குறைக்கும். டோலுடெக்ராவிர் உட்கொள்பவர்களிடம், குறிப்பாகப் பெண்களிடம், உடல் எடை கூடுவது காணப்படுகிறது. நோயால் இளைத்தவர் பழைய எடைக்குத் திரும்புவது நல்ல செய்திதான்; அதற்கு மேலும் ஏறினால் உணவிலும் நடையிலும் கவனம் வேண்டும். சிலருக்கு இரத்தச் சர்க்கரையும் உயர்வதால், அதிகத் தாகம், அடிக்கடி சிறுநீர், சொல்லத் தெரியாத அசதி ஆகியவை தென்பட்டால் சர்க்கரை அளவைப் பார்த்துவிடுவது நல்லது.

கூடவே எதை விழுங்குகிறோம்?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் அது இந்தப் பகுதியாக இருக்கட்டும்.

டோலுடெக்ராவிருக்கு உலோக உப்புகளைக் கண்டால் ஆகாது. இரும்பு, கால்சியம், துத்தநாகம், மெக்னீசியம், அலுமினியம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று வயிற்றில் அதனுடன் சேர்ந்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். மருந்தில் கணிசமான பகுதி இரத்தத்துக்குள் போகாமல் மலத்தோடு வெளியேறிவிடும். எச்.ஐ.வி. உள்ள ஒரு கர்ப்பிணியை எண்ணிப் பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச் சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் கொடுக்கிறார்கள், ஏ.ஆர்.டி. மையத்தில் கூட்டு மருந்து கொடுக்கிறார்கள். எதையும் மறந்துவிடக் கூடாது என்ற அக்கறையில் அவர் மூன்றையும் உள்ளங்கையில் வைத்து, காலையில் வெறும் வயிற்றில் ஒரே மிடறில் விழுங்கிவிடுகிறார். ஒரு நாளும் தவறவில்லை. ஆனாலும் குழந்தைக்குக் காவலாக இருக்க வேண்டிய மருந்து பாதி அளவுகூடச் சேராமல் போகலாம். தாய்க்குச் சிகிச்சையே இல்லாவிட்டால் குழந்தைக்குத் தொற்று பரவும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம் வரை. முறையான சிகிச்சை இருந்தால் அது 5 சதவீதத்துக்கும் கீழே இறங்கும். அந்த முறையான என்ற சொல்லுக்குள் இந்த நேர இடைவெளியும் அடக்கம்.

தீர்வு எளிதானது. கூட்டு மருந்தை முதலில் விழுங்கி, இரண்டு மணி நேரம் கழித்து இரும்பு, கால்சியம் மாத்திரைகளை உட்கொள்ளலாம். அவற்றை முதலில் உட்கொண்டுவிட்டால் ஆறு மணி நேரம் காத்திருக்க வேண்டும். இரும்பையும் கால்சியத்தையும் மட்டும், வயிறு நிறையச் சாப்பிடும்போது, கூட்டு மருந்தோடு சேர்த்தே உட்கொள்ளலாம் என்ற விலக்கு உண்டு. ஜெலுசில், டைஜீன் போன்ற நெஞ்செரிச்சல் மருந்துகளுக்கு அந்த விலக்கு கிடையாது. அவற்றில் அலுமினியமும் மெக்னீசியமும் இருப்பதால் இரண்டு மணி, ஆறு மணிக் கணக்கைக் கட்டாயம் பின்பற்ற வேண்டும். வயிற்றில் அமிலம் சுரப்பதைக் குறைக்கும் ஓமெப்ரசோல் மாத்திரையால் இந்தத் தொல்லை இல்லை. சித்த மருந்து உட்கொள்பவர்கள் சங்கு பற்பத்தில் இருப்பது கால்சியம் என்பதையும், அயச் செந்தூரத்தில் இருப்பது இரும்பு என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். நாட்டு மருந்துதானே, சொல்ல வேண்டியதில்லை என்று எண்ணுவதால்தான் இது மருத்துவரின் கண்ணுக்குப் படாமலே போகிறது.

சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் இதற்கு நேர்மாறான சிக்கலைத் தருகிறது. டோலுடெக்ராவிர் அதை உடலில் தேங்கவைக்கும். இரண்டையும் சேர்த்து உட்கொள்பவருக்கு மெட்ஃபார்மின் பொதுவாக ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. சர்க்கரைக்கு வேறு மருத்துவரைப் பார்ப்பவர்கள் நம்மிடையே ஏராளம்; அவர் அளவை ஏற்றிக்கொண்டே போவார், கூட்டு மருந்தைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

காசநோய்க்கான ரிஃபாம்பிசின் டோலுடெக்ராவிரை விரைவாகச் சிதைத்துவிடும். ஆகவே காசநோய்ச் சிகிச்சை நடக்கும் காலத்தில், வழக்கமான கூட்டு மாத்திரையோடு, 12 மணி நேரம் கழித்து டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம் மாத்திரை ஒன்று கூடுதலாகத் தரப்படும். ரிஃபாம்பிசின் முடிந்த பின்னும் இரண்டு வாரங்களுக்கு அது தொடரும். தனியார் மருத்துவமனையில் காசநோய்க்குச் சிகிச்சை பெறுபவர் கூட்டு மருந்தை மறைத்தால் இந்தக் கூடுதல் மாத்திரை அவருக்குக் கிடைக்காது. வலிப்பு நோய்க்கான கார்பமசெபின், ஃபெனிடோயின், ஃபீனோபார்பிட்டால் ஆகியவையும் இதேபோல் மருந்தின் அளவைக் குறைப்பவை; அவற்றை மாற்றித் தருவதா, என்ன செய்வது என்பதை இரு மருத்துவர்களும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும்.

மூட்டு வலிக்கும் இடுப்பு வலிக்கும் மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் மாத்திரைகளை நாள்கணக்கில் உட்கொள்வது, டெனோஃபோவிர் உட்கொள்பவரின் சிறுநீரகத்துக்கு இரட்டைச் சுமை. காய்ச்சலுக்கும் சாதாரண வலிக்கும் உரிய அளவில் பாராசிட்டமால் போதுமானது. மதுவுக்கும் இந்த மாத்திரைக்கும் நேரடிப் பகை இல்லை; இருந்தாலும் குடித்த இரவில் மாத்திரை தவறுவதும், கல்லீரல் கெடுவதும் உண்டு. குடித்துவிட்டோம் என்பதற்காக அன்றைய மாத்திரையை விட்டுவிடுவது, குடித்ததைக் காட்டிலும் பெரிய தவறு.

தவறவிட்டால், நிறுத்தினால்

ஒரு வேளை மறந்துவிட்டால் நினைவு வந்தவுடன் விழுங்கிவிட வேண்டும். அடுத்த வேளைக்குச் சில மணி நேரமே இருந்தால் தவறியதை விட்டுவிட்டு, வழக்கமான நேரத்தில் ஒன்றை மட்டும் உட்கொள்ள வேண்டும். இரண்டை ஒரே நேரத்தில் விழுங்கி ஈடுகட்டக் கூடாது. எப்போதோ ஒருமுறை தவறியதற்காகக் கலங்க வேண்டியதில்லை. வாரத்துக்கு இரண்டு மூன்று என்று தவறிக்கொண்டே போனால்தான், அரைகுறை மருந்தில் பிழைத்துக்கொள்ளக் கற்ற வைரஸ் உடலில் பெருகும்.

தாமாகவே நிறுத்துவதில் பலருக்குத் தெரியாத ஓர் ஆபத்து உண்டு. டெனோஃபோவிரும் லாமிவுடினும் ஹெபடைட்டிஸ் பி எனப்படும் கல்லீரல் அழற்சி வைரஸையும் அடக்கிவைப்பவை. இரண்டு தொற்றும் உள்ளவர் மாத்திரையைத் திடீரென நிறுத்தினால், அடங்கிக்கிடந்த கல்லீரல் நோய் சீறியெழுந்து, மஞ்சள் காமாலையிலும் சிலவேளை கல்லீரல் செயலிழப்பிலும் கொண்டுவிடும். வேறு காரணத்துக்காக மருந்தை மாற்றும்போதும் இதை மருத்துவர்கள் கணக்கில் கொள்கிறார்கள்.

மருந்து சரியாக வேலை செய்கிறதா என்பதை உடல் தெம்பை வைத்து அறிய முடியாது. வைரஸ் அளவைக் காட்டும் வைரல் லோடு பரிசோதனைதான் அதைச் சொல்லும். சிகிச்சை தொடங்கிய ஆறாவது மாதத்திலும், பன்னிரண்டாவது மாதத்திலும், அதன்பின் ஆண்டுதோறும் அதைச் செய்கிறார்கள். அளவு கண்டறிய முடியாத நிலைக்கு இறங்கி, அங்கேயே நிலைத்திருப்பவரிடமிருந்து உடலுறவு வழியாக எச்.ஐ.வி. பரவுவதில்லை. பல ஆண்டுகள் தம்பதியரைப் பின்தொடர்ந்து நடந்த ஆய்வுகளில் உறுதியானது இது. நோயை அறிந்த நாள் முதல் துணையைத் தொடவே அஞ்சி வாழும் ஒருவருக்கு, இந்தச் செய்தியை மையத்திலுள்ள ஆலோசகர் நிதானமாக உட்காரவைத்துச் சொல்வது மருந்துக்கு இணையான உதவி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நிலைகள் சில. காய்ச்சலுடன் கூடிய தோல் தடிப்பு, வாயிலோ கண்ணிலோ புண், தோல் கொப்பளித்து உரிதல், முக வீக்கம், மூச்சுத் திணறல், கண் மஞ்சளாதல், விடாத வாந்தியுடன் கடும் வயிற்றுவலி ஆகியவற்றைக் காலை வரை பார்க்கலாம் என்று தள்ளக் கூடாது. அபாகாவிர் உட்கொள்பவருக்கு இன்னொரு எச்சரிக்கை: காய்ச்சல், தடிப்பு, வாந்தி, இருமல் எல்லாம் சேர்ந்து வந்து, ஒவ்வாமை என்று கருதி அந்த மருந்தை மருத்துவர் நிறுத்திவிட்டால், பிறகு ஒருபோதும் அதை மீண்டும் உட்கொள்ளக் கூடாது, இரண்டாம் முறை அது உயிரைப் பறிக்கலாம்.

கர்ப்பிணிகளின் அச்சம் ஒன்றையும் தீர்க்க வேண்டும். 2018-இல் போட்ஸ்வானா நாட்டிலிருந்து வந்த தொடக்கத் தகவல் ஒன்று, டோலுடெக்ராவிர் கருவிலுள்ள குழந்தையின் தண்டுவடத்தைப் பாதிக்குமோ என்ற ஐயத்தை எழுப்பியது. அதே ஆய்வு மேலும் பல்லாயிரம் பிரசவங்களைச் சேர்த்துக்கொண்டு வளர்ந்தபோது அந்த ஐயம் வலுவிழந்தது. 2019-இல் உலக சுகாதார நிறுவனம் கருத்தரிக்கும் வயதுப் பெண்களுக்கும் இந்த மருந்தையே பரிந்துரைத்தது.

யாரிடம், எவ்வளவு சொல்வது?

2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ளது. தொற்றைக் காரணம் காட்டிச் சிகிச்சை மறுப்பதையும், ஒருவரின் நிலையை அவர் ஒப்புதலின்றி வெளியிடுவதையும் அது தடை செய்கிறது. சட்டம் இருந்தும் சில இடங்களில் முகம் சுளிக்கிறார்கள் என்பது உண்மைதான். எனவே எல்லோரிடமும் நோயின் பெயரைச் சொல்லுங்கள் என்று நான் எழுத மாட்டேன். ஆனால் மருந்து எழுதித் தரும் எவரிடமும் நான் உட்கொள்ளும் மருந்துகள் இவை என்று பெயர்களைக் காட்டியே ஆக வேண்டும். ஐயமிருந்தால் மையத்தின் மருந்தாளுநரிடம் கேட்கலாம். 1097 என்ற கட்டணமில்லா தேசிய உதவி எண்ணிலும் கேட்கலாம்.

புட்டியை மாற்றியே ஆக வேண்டிய வீட்டில் இருப்பவர்கள், ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தையும் சேர்த்து, இறுக மூடும் டப்பாவில் மாற்றி, அடுப்படியிலும் குளியலறையிலும் வைக்காமல் துணி அலமாரி போன்ற உலர்ந்த இடத்தில் வைக்கலாம். ஊர் மாறிப் போவதாக இருந்தால், கையிருப்பு தீரும்வரை காத்திராமல், புதிய ஊரின் மையத்துக்கு முன்கூட்டியே மாற்றல் பெற்றுக்கொள்ளலாம். மேலுறைத் தாளைக் கிழிப்பதற்கு முன் ஒரு சிறு துண்டுச் சீட்டில் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் என்ற மூன்று பெயர்களை அளவோடு எழுதி, கீழே உங்களுக்கு ஒவ்வாத மருந்துகளையும், வழக்கமாக உட்கொள்ளும் மற்ற மாத்திரைகளையும், கடைசியாகப் பார்த்த கிரியாட்டினின் அளவையும் குறித்துப் பணப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சீட்டில் நோயின் பெயர் இருக்க வேண்டியதில்லை.